ஐஆர்எஃப்510, ஆர்டி16எச்எச்எஃப்1: சிறிய ரேடியோ பெருக்கிக்கு எது பொருந்தும்?

சில வாட் திறனுள்ள சிற்றலைப் பெருக்கியைத் தாமே கட்ட விரும்புவோர் இவ்விரு மாஸ்ஃபெட்களில் (கேட், டிரெயின், சோர்ஸ் என்ற மூன்று கால்கள் கொண்ட டிரான்சிஸ்டர் வகை) ஒன்றைத்தான் பெரும்பாலும் கையில் எடுக்கிறார்கள். ஐஆர்எஃப்510 மின்வழங்கிகளிலும் மோட்டார் கட்டுப்பாட்டிலும் சுவிட்சாக இயங்கவே உருவானது. ஆர்டி16எச்எச்எஃப்1 (சுருக்கமாக ஆர்டி16) என்பதோ 30 மெகாஹெர்ட்ஸ் வரை 12.5 வோல்ட்டில் 16 வாட் தருவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.

7 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் போதுமென்றால், விலை மிகக் குறைந்த ஐஆர்எஃப்510 தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. ஆனால் அதன் கேட் மின்தேக்கம் ஏறக்குறைய 180 பிகோஃபாரட் என்பதால், அலைவெண் ஏற ஏற அதை இயக்குவது கடினமாகி, 28 மெகாஹெர்ட்ஸில் வெளியீடு வெகுவாகச் சரிகிறது. அந்த உயர் அலைவெண் பட்டைகளில் ஆர்டி16 தெளிவாக முந்துகிறது.

வெப்பம் கடத்துவதிலும் வேறுபாடு பெரிது. ஐஆர்எஃப்510-இன் உலோகப் பின்பகுதி டிரெயினுடன் இணைந்திருப்பதால், ஹீட் சிங்க்குக்கும் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) அதற்கும் இடையே மைக்கா போன்ற மின்காப்புத் தகடு வைத்தே தீர வேண்டும். ஆர்டி16-இல் அப்பகுதி வழக்கமாகத் தரையுடன் இணையும் சோர்ஸ் என்பதால் நேரடியாகவே திருகி முடுக்கலாம். கால்களின் வரிசையும் மாறுகிறது: முன்னதில் நடுக்கால் டிரெயின், பின்னதில் சோர்ஸ். மின்சுற்றுப் பலகையை மாற்றாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்தினால், உள்ளிருக்கும் டையோடு வழியே மின்வழங்கி குறுக்கிணைந்துவிடும் (ஷார்ட் ஆகிவிடும்).

எதைத் தேர்ந்தாலும், ஆன்டெனாவுக்கு முன், தேவையற்ற உயர் அலைவெண்களைத் தடுக்கும் தாழ்அலை வடிகட்டி கட்டாயம் இருக்க வேண்டும். ரேடியோ அலைகளை அனுப்ப அமெச்சூர் ரேடியோ உரிமமும் வேண்டும்.