ஜோகன்னஸ்பர்க் ஸ்டேடியமா, உம்பிலோ அரங்கமா: டர்பன்காரருக்கு ஒரு ராக் இரவு

பெரிய வெளிநாட்டு ராக் குழு தென்னாப்பிரிக்கா வருகிறது என்றால் டர்பன்காரர்களுக்கு அது பாதிச் சந்தோஷம்தான். 2011 பிப்ரவரியில் யூடூ வந்தது, ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் இரண்டோடு கிளம்பிவிட்டது. 2013இல் மெட்டாலிக்கா, 2014 டிசம்பரில் ஃபூ ஃபைட்டர்ஸ். அவர்களுக்கும் அதே இரண்டு ஊர்தான். நம் ஊரில் மோசஸ் மபிடா ஸ்டேடியம் 106 மீட்டர் உயர வளைவோடு நின்றுகொண்டிருக்க, சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கிற ராக் ரசிகர்கள் காரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வடக்கே போகவேண்டியிருக்கிறது. இல்லையென்றால் ஊரிலேயே உம்பிலோ பகுதியில் இருக்கிற ரம்பிலோ மாதிரிச் சின்ன அரங்கத்தில் உள்ளூர் வாத்தியக்காரர்கள் வாசிப்பதைக் கேட்கலாம்.

இரண்டையும் அனுபவித்தவன் நான். சமீபத்தில் மறுபடியும் தேர்ந்தெடுக்கவேண்டி வந்தபோது உம்பிலோவுக்கு டிக்கெட் எடுத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜோகன்னஸ்பர்க் போக என்3 சாலையில் சுமார் 570 கிலோமீட்டர், வழியெல்லாம் டோல், வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறவேண்டும். ராத்தங்கல் வேண்டும், மறுநாள் லீவும் வேண்டும். உம்பிலோ என்றால் வேலை முடிந்து, குளித்து, சாப்பாட்டுக் கூடையோடு கிளம்பலாம். அங்கே அவரவர் மேசைக்கு அவரவர் வீட்டுச் சாப்பாடு. எங்கள் மேசையில் பிரியாணி, பக்கத்து மேசையில் சமூசா, பாட்டு தொடங்குவதற்குள் இரண்டும் இடம் மாறிவிடும். ஸ்டேடியம் வாசலில் தண்ணீர் பாட்டிலைக்கூட விடமாட்டார்கள்.

ஆனால் பணமும் தூரமும் என் முடிவை மாற்றவில்லை. பிடித்த குழுவுக்காக நான் இன்னும் தூரம் போவேன். முடிவு செய்தது சத்தம். காதில் என்ன வந்து விழுகிறது என்பதுதான் எனக்குக் கச்சேரி.

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஜோகன்னஸ்பர்க்கின் எஃப்என்பி ஸ்டேடியம் 94,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய கிண்ணம். மேடைக்கு எதிரே கடைசி வரிசைகளில் உட்கார்ந்தால் மேடை நூறு மீட்டருக்கும் அப்பால். பெரிய திரையில் டிரம்ஸ்காரரின் குச்சி கீழே இறங்கியாயிற்று. அடி காதுக்கு வர மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. கேட்கச் சின்னக் கணக்கு, ஆனால் ராக் பாட்டில் அதற்குள் அடுத்த அடியே விழுந்துவிடும். கண் ஒரு தாளத்தில், காது ஒரு தாளத்தில். இதைச் சமாளிக்கத்தான் மைதானத்தின் நடுவே கோபுரம் கட்டி ஸ்பீக்கர் ஏற்றுகிறார்கள். மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து போகட்டும் என்று அந்த ஸ்பீக்கர்களுக்குக் கணக்குப் பார்த்துத் தாமதம் வைக்கிறார்கள். நல்ல சவுண்ட் இன்ஜினியர் கையில் அது அற்புதமாக வேலை செய்யும். எதிர் ஸ்டாண்டின் கான்கிரீட்டில் மோதித் திரும்புகிற ஒலியை மட்டும் எந்தக் கோபுரமும் தடுக்காது.

காற்றும் சேர்ந்துகொள்ளும். கூர்மையான ஒலிகள் தூரம் போகப்போகக் கரைந்துவிடும், பேஸ் என்கிற கனத்த ஒலி மட்டும் கரையாமல் வரும். அதனால்தான் மேல் வரிசையில் நெஞ்சு அதிர்கிறது, வரிகள் புரிவதில்லை. “அண்ணே, பாட்டு எங்கே? இடிதான் கேக்குது” என்று என் மச்சான் அங்கே காதருகில் வந்து கத்தினான். அவன் சொன்னதில் தப்பில்லை. யூடூ 2011இல் நான்கு கால் ராட்சதக் கூடாரத்தைக் கொண்டுவந்து, சுற்றிலும் ஜனம் இருக்க நடுவே பாடியது இந்தத் தொல்லையைக் குறைத்த ஏற்பாடு. எல்லாக் குழுவும் அப்படிக் கொண்டுவருவதில்லை.

உம்பிலோவில் ஸ்னேர் டிரம்மின் தோல் அதிர்வது நேராகக் காதுக்கு வருகிறது, மைக் வழியாக அல்ல. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. சுரம் மாற்ற விரல் நகரும்போது கம்பியில் கேட்கும் அந்தக் கீச்சு ஸ்டேடியத்தில் எந்த விலை டிக்கெட்டிலும் கிடைக்காது. பேஸ் வாசிப்பவர் டிரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்ப்பதும், இருவரும் ஒரே அடியில் இறங்குவதும் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. அதற்காகவே போகிறேன்.

சின்ன அரங்கில் சத்தம் குறைவு என்று யாரும் நினைக்கவேண்டாம். 100 டெசிபலில் காது பத்திரமாகத் தாங்குவது கால் மணி நேரம்தான் என்று தொழில் பாதுகாப்புக் கணக்கு சொல்கிறது. ராக் மேடைக்கு முன்னால் 100 சாதாரணம். இரண்டு இடத்துக்கும் காதுச் செருகி எடுத்துப் போங்கள், பிள்ளைகளுக்குக் கட்டாயம்.

உம்பிலோவின் குறை பெரிதுதான், மறைக்கமாட்டேன். அங்கே பெரும்பாலும் வேறொருவரின் பாட்டைத்தான் பாடுகிறார்கள். அசல் குரல் இல்லை. இது உங்களை உறுத்துமானால் நான் சொன்ன ஒலிக்கணக்கு எதுவும் உங்களுக்குப் பிரயோசனப்படாது, ஜோகன்னஸ்பர்க்குக்கே போங்கள். எனக்கு அது உறுத்தவில்லை. டர்பனில் நல்ல வாசிப்பு என்பது இரவல் சரக்கு இல்லை. 1960களில் இங்கே கிளம்பிய தி ஃப்ளேம்ஸ் குழுவிலிருந்து ரிக்கி ஃபட்டாரும் பிளாண்டி சாப்ளினும் 1972இல் அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவில் சேர்ந்து வாசித்தார்கள். நிறச்சட்டம் பூட்டிவைத்த ஊரிலிருந்து போனவர்கள். அதே குழுவின் ஸ்டீவ் ஃபட்டார் பிற்காலத்தில் டர்பனுக்கே திரும்பி, 2020இல் மறையும்முன் இங்கே சின்ன இடங்களில் வாசித்தார். அப்படிப்பட்ட கைகள் நம் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது கேட்கப் போகாமல் இருக்கலாமா?

ஸ்டேடியத்துக்கும் நியாயம் செய்யவேண்டும். பல்லாயிரம் பேர் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது வரும் சிலிர்ப்பு சின்னக் கூடத்தில் வராது. பதினாறு வயதிலிருந்து நீங்கள் நேசிக்கும் குழு வந்தால் யோசிக்காமல் போங்கள். டிக்கெட் எடுக்கும்போது மேடைக்கு ஒட்டிய இடத்தைத் தேடாதீர்கள். நேர் எதிரே மிக்ஸர் பலகை எங்கே வைக்கிறார்கள் என்று விசாரித்து அதன் அருகே எடுங்கள். இன்ஜினியர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் ஒலியை அமைப்பார், அந்தக் காதின் பக்கத்தில் உங்கள் காதும் இருக்கும்.

மூன்றாவதாக ஒன்றையும் கேட்பீர்கள்: 1990இலிருந்து அண்டர்பெர்க் பக்கம் நடக்கும் ஸ்பிளாஷி ஃபென் இசை விழா. டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரம், கூடாரம், நாள் முழுக்கப் பாட்டு. நான் அங்கே ஒரு பகல் மட்டும் இருந்தேன், இரவு மேடையைக் கேட்கவில்லை, ஆகவே ஒலியைப் பற்றித் தீர்ப்பு சொல்லமாட்டேன். திறந்த வெளியில் எதிரொலி இராது, காற்று விளையாடும் என்பது வரைக்கும்தான் சொல்லமுடியும். நம் குடும்பங்களுக்கு வேறொரு சிக்கல். அது ஈஸ்டர் விடுமுறையில் வருகிறது. புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் திருவிழா. அம்மா அன்று வீட்டை விட்டு என்னை வேறெங்கும் அனுப்பமாட்டார், நானும் போகமாட்டேன். வெள்ளிக்கிழமை கோயில் முடித்து, சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் சேர்ந்து அந்த இரவு மேடையைக் கேட்கலாம். ஒரு நாளுக்கு மட்டும் டிக்கெட் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் மச்சானிடம் சொல்லவேண்டும்.