மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா, ரூட் செய்தால் போகுமா?

வாரண்டியில் இருக்கும் கருவியில் கை வைக்க இரண்டு வழி. திருகைக் கழற்றி ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி மாற்றுவது ஒன்று. போனைத் தொடங்கி வைக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்து, ரூட் செய்வது (போனின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொள்வது), வேறு ரோம் (இயங்குதளம்) போடுவது மற்றொன்று. இரண்டுக்கும் "வாரண்டி போச்சு" என்று ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை.

முதல் வழியில் பயமுறுத்துவது திருகின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர். கிழித்தால் வாரண்டி இல்லை என்று அதில் அச்சிட்டிருக்கும். அமெரிக்காவில் 1975-இன் மாக்னுசன்-மாஸ் சட்டப்படி, எங்கள் பாகத்தையே காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டும், எங்களிடமே காசு கொடுத்துப் பழுதுபார்க்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. 2018-இல் அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ உட்பட ஆறு நிறுவனங்களுக்கு இது தொடர்பாக எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. ஆனால் திறக்கும்போது நீங்களே ரிப்பன் கேபிளை அறுத்துவிட்டால் அந்தச் சேதம் உங்கள் கணக்குதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கம்பெனி வாரண்டி இல்லாமலே, விற்றவருக்கு 2 ஆண்டுப் பொறுப்பு உண்டு. முதல் ஆண்டில் தெரியவரும் குறை, பொதுவாக வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் இரண்டில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

மென்பொருள் வழியில் சிக்கல் வேறு. ரூட் செய்த போனில் சார்ஜிங் போர்ட் ஆட்டம் கண்டால் இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? நியாயம் உங்கள் பக்கம். ஆனால் தடயம் போனிலேயே இருக்கும். சாம்சங் போன்களில் அதிகாரபூர்வமற்ற ஃபர்ம்வேர் (போனின் அடிப்படை மென்பொருள்) ஏறினால் உள்ளே ஒரு மின் உருகி எரிந்துவிடும். பழைய ஃபர்ம்வேரைத் திரும்பப் போட்டாலும் அது சரியாகாது. அந்தரங்கக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டரும் போய்விடும். கூகுளின் பிக்சல் போனில் பூட்லோடரை மறுபடி பூட்டலாம். என்றாலும் திறக்கும்போது ஒரு முறை, பூட்டும்போது ஒரு முறை எல்லாத் தரவும் அழியும்.

அதனால் வாரண்டிக் காலத்தில் நான் வன்பொருள் பக்கம்தான். என் லேப்டாப்பில் கழற்றிய ரேமை இன்னும் உறையோடு வைத்திருக்கிறேன். பழுது வந்தால் முதலில் அதைப் பொருத்திப் பார்ப்பேன். அப்போதும் அதே பழுது என்றால், நான் போட்ட பாகம் காரணமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அப்புறமும் சர்வீஸ் சென்டர் மறுத்தால், எந்த மாற்றத்தால் எந்தப் பாகம் கெட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.