தழும்பைப் பார்த்து வாரிசை அறிந்த ஊர்: ‘தி வில்லேஜ் ஆஃப் எய்ட் கிரேவ்ஸ்’

வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஓர் இளைஞன் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறான். பெயர் தத்சுயா. முதுகிலும் கையிலும் தொடையிலும் பழைய சூட்டுத் தழும்புகள். கைக்குழந்தையாக இருந்தபோது, வெறி தலைக்கேறிய தகப்பன் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வைத்த சூடு அது. அந்தக் கதை அப்போது அவனுக்கே தெரியாது. வழக்கறிஞர் ஒவ்வொரு தழும்பாகப் பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார். சந்தேகமில்லை, பெரிய வீட்டு வாரிசு இவன்தான்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். சொத்துக்கும் சாபத்துக்கும் ஒரே தழும்பு அத்தாட்சி. குலசாபம் பற்றி நான் படித்த கதைகளில் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைச் சொன்ன காட்சி வேறில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் செய்ஷி யோகோமிசோவின் இந்த நாவல் 1949 முதல் 1951 வரை பத்திரிகையில் தொடராக வந்தது. ஜப்பானியப் பெயர் ‘யட்சு ஹகா முரா’, எட்டுக் கல்லறை ஊர். பிரையன் கரெட்னிக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் புஷ்கின் பதிப்பகம் 2021-இல் வெளியிட்டது. துப்பறியும் நாவல் என்று அட்டை சொல்கிறது. நான் அப்படிப் படிக்கவில்லை. ஓர் ஊர் தன் பாவத்துக்கு எப்படிப் பெயர் மாற்றி வைக்கிறது என்பதைச் சொல்லும் கதையாகத்தான் படித்தேன்.

கதை 1566-இல் தொடங்குகிறது. போரில் தோற்ற ஓர் இளம் சாமுராய் ஏழு வீரர்களோடும் குதிரைகளில் ஏற்றிய பொன்னோடும் மலையூர் ஒன்றில் அடைக்கலம் புகுகிறான். முதலில் ஊரார் இடம் கொடுக்கிறார்கள். பிறகு தேடி வரும் படை மீதான பயமும் பொன்னின் மீதான ஆசையும் சேர்ந்துகொள்ள, எட்டுப் பேரையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். ஏழு பிறவிக்கும் இந்த ஊரை விடமாட்டேன் என்று சாபமிட்டுச் சாகிறான் தலைவன். சில மாதங்களில், கொலைக்கு முன்னின்ற தஜிமி குடும்பத்துப் பெரியவர் புத்தி பேதலித்து ஏழு பேரைக் கொன்றுவிட்டுத் தானும் மாய்கிறார். கணக்கு எட்டு. நடுங்கிப்போன ஊர், நாய்போல் புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து, முறைப்படி அடக்கம் செய்து, எட்டுக் கல்லறை கட்டித் தெய்வமாக்கிக் கும்பிடத் தொடங்குகிறது.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்த எனக்கு இந்த இடம் அந்நியமாகவே இல்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்குப் பீடம் போட்டு, கொடைக்குக் கொடை அந்தக் கொலையையே வில்லுப்பாட்டில் பாடக் கேட்டு வளர்ந்தவள் நான். ஜப்பானிலும் இது பழைய வழக்கம். சூழ்ச்சியால் நாடுகடத்தப்பட்டு 903-இல் இறந்த அரண்மனை அறிஞர் சுகவரா நோ மிச்சிசானேயின் கோபம்தான் 930-இல் அரண்மனையில் இடியாக விழுந்தது என்று அஞ்சி, அவரைத் தெய்வமாக்கினார்கள். இன்று தேர்வெழுதும் பிள்ளைகள் அவர் கோவிலுக்குத்தான் போகிறார்கள். ‘ததரி’ என்ற ஜப்பானியச் சொல்லை ஆங்கிலத்தில் சாபம் என்றுதான் எழுதுகிறார்கள். நம் ஊரில் ‘தெய்வக் குற்றம்’ என்பார்களே, அதுதான் அதற்குக் கிட்டத்தில் வரும். யாரோ வாய்விட்டுச் சொன்ன சொல்லை விட, செய்த தவறு ஊர்மேல் வந்து நிற்பது.

நாவலின் கனம் முழுவதும் இரண்டாவது கொலைக்கதையில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி. அதே தஜிமி குடும்பம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள யோசோ, பத்தொன்பது வயது சுருகோவைத் தூக்கிவந்து வீட்டுக் கிடங்கில் அடைத்து வைக்கிறான். ஊருக்குத் தெரியும். அவள் தப்பி ஓடும்போதெல்லாம் அவன் வெறிகொண்டு திரிகிறான். எங்களைக் காப்பாற்று, அவனிடமே திரும்பிப் போய்விடு என்று ஊரார் அவளிடமே கெஞ்சுகிறார்கள். கடைசியில் குழந்தையோடு அவள் ஒரேயடியாக ஓடிப்போக, ஓர் இரவு யோசோ தலையில் கொம்புபோல் இரண்டு டார்ச் விளக்கைக் கட்டி, இடுப்பில் வாளும் கையில் துப்பாக்கியுமாக இறங்கி 32 பேரைக் கொன்று மலைக்குள் மறைகிறான். எட்டு வீரர்களின் சாபம் என்று ஊர் முடிவுகட்டுகிறது. அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதை யாரும் சாபத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை.

நாவல் என்னைப் பிடித்து வைத்தது இந்த மௌனத்தால்தான். தத்சுயா அந்தச் சுருகோவின் மகன். அம்மா சின்ன வயதில் இறந்துபோக, கோபே நகரில் வளர்ந்து, போர் முடிந்து திரும்பி, அழகுசாதன நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். காணாமல் போனவர்களைத் தேடும் வானொலி அறிவிப்பில் தன் பெயர் வந்தது என்று கேள்விப்படுகிறான். போருக்குப் பின் சிதறிய குடும்பங்களைத் தேட ஜப்பானிய வானொலி உண்மையிலேயே அப்படியொரு நிகழ்ச்சி நடத்தியது. பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க வந்த குரல், இவனைக் கொலைக்களத்துக்குக் கூப்பிடுகிறது. ஊருக்கு வராதே என்று மொட்டைக் கடிதம் வருகிறது. ஊர் எல்லையில் ஒரு பிக்குணி வழிமறித்து, திரும்பிப் போ என்று கத்துகிறாள். அவன் ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. ஆனாலும் சாவு விழ விழ, ஊர் அவனைத்தான் பார்க்கிறது. அப்பன் முகம் அவனுக்கு இருக்கிறதா என்று தேடும் பார்வை அது.

இதைப் புனைவு என்று தள்ளிவிட முடியாது. மேற்கு ஜப்பானின் மலையூர்கள் பலவற்றில் சில குடும்பங்களுக்கு நரி ஆவி கட்டுப்பட்டிருக்கிறது, சிகோகு தீவில் நாய் ஆவி கட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்லி, அந்த வீடுகளில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் மறுத்திருக்கிறார்கள். ஆவி பெண்வழியாக இறங்கும் என்பது நம்பிக்கை. ஊர்விலக்குக்கும் அங்கே தனிச் சொல் உண்டு. விலக்கப்பட்ட வீட்டுக்குத் தீப்பிடித்தால் அணைக்கவும் சாவு விழுந்தால் புதைக்கவும் மட்டும் ஆள் வரும் என்று அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்வார்கள். யோகோமிசோ நகரத்துக்காரர், கோபேயில் 1902-இல் பிறந்தவர். 1945-இல் குண்டுவீச்சுக்குத் தப்பி ஒகயாமா மாகாணத்துக் கிராமத்துக்குக் குடும்பத்தோடு போய் மூன்று ஆண்டுகள் இருந்தார். யார் வீட்டு நிலம் யாரிடம் போனது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அங்கே காதில் விழுந்திருக்கும். மாடும் கரிமூட்டமும்தான் ஊருக்குப் பிழைப்பு, கிழக்கே ஒரு பெரிய வீடு, மேற்கே ஒரு பெரிய வீடு என்று அவர் வரையும் படம் அத்தனை துல்லியம்.

எனக்கு உறுத்தலான ஒன்றையும் சொல்ல வேண்டும். டார்ச் விளக்கைத் தலையில் கட்டிய கொலைகாரன் கற்பனை அல்ல. 1938 மே 21 அதிகாலையில், ஒகயாமா மாகாணம் சுயாமா நகருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், 21 வயது இளைஞன் ஒருவன் ஊருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இப்படித்தான் 30 பேரைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டான். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கோலத்தை எடுத்துத் தொடர்கதையில் வைத்தால், உயிரோடு இருந்த உறவினர்கள் அதை எப்படிப் படித்திருப்பார்கள்? யோகோமிசோ ஊரையும் காரணத்தையும் மாற்றியிருக்கிறார், எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பக்கங்களை என்னால் சுவாரசியத்தோடு படிக்க முடியவில்லை.

குறைகள் உண்டு. வீட்டுக்கு அடியிலிருந்து சுண்ணாம்புக் குகைகளுக்குப் போகும் பாதை தெரிந்தபின் நாவல் நெடுநேரம் இருட்டில் அலைகிறது. துரத்தலும் தப்பித்தலும் ஒன்றைப்போல் ஒன்று. மொழிபெயர்ப்பு தடையில்லாமல் ஓடுகிறது, ஆனால் ஆங்கிலத்தில் கிழவிகளும் வழக்கறிஞரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறார்கள். பரட்டைத் தலையைச் சொறிந்துகொண்டு திக்கிப் பேசும் துப்பறிவாளர் கிண்டைச்சி கொசுகேயை நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள், அவர் இதில் ஓரமாகத்தான் நிற்கிறார். பெயர்கள் குழப்பும். நான் முதல் பக்கத்து வெற்றிடத்தில் பென்சிலால் வம்சப்படம் வரைந்துகொண்டேன், அதற்குப் பிறகு சிக்கலில்லை.

இரட்டைக் கிழவிகள் கோஉமேயும் கோத்தகேயும் வரும் இடங்களை மட்டும் இரண்டுமுறை படித்தேன். ஒருவர் தொடங்கிய பேச்சை மற்றவர் முடிக்கிறார். இரண்டு முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் தத்சுயா திணறுகிறான். ஊரில் இரட்டைத் தேவதாரு மரங்கள், அதில் ஒன்றில் இடி விழுந்திருக்கிறது. கொலைகளும் ஜோடியில் ஒன்றைப் பறிப்பவைபோல் நடக்கத் தொடங்கும்போது, இரண்டு கிழவிகளும் அருகருகே அமர்ந்து தேநீர் அருந்துவதைப் படிக்கவே பயமாக இருக்கிறது.

யோஷிதாரோ நொமுரா இயக்கத்தில் 1977-இல் வந்த திரைப்படத்தையும் பிறகு பார்த்தேன். பூத்த செர்ரி மரங்களுக்குக் கீழே அந்த டார்ச் விளக்குக்காரன் ஓடிவரும் காட்சி கண்ணை விட்டு அகலாது. ஆனால் படம் சாபம் உண்மைதான் என்ற பக்கம் சாய்ந்துவிடுகிறது. நாவல் அந்தச் சலுகையை ஊருக்குத் தரவில்லை. அதனால் எனக்கு நாவல்தான்.

என் பிரதி இப்போது மதினியிடம் இருக்கிறது. நேற்று இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு, “அந்தப் பிக்குணி அவ்வளவு சொல்லியும் இந்தப் பையன் ஏன் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பவில்லை?” என்று கோபமாகக் கேட்டார். எங்கே வரை படித்திருக்கிறீர்கள் என்றேன். தழும்புக்குக் காரணம் இன்னும் தெரியவில்லையாம். “அதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள் மதினி” என்று சொல்லி வைத்தேன்.