1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல்: நல்ல சாமான்தான், வாங்காதீர்கள்

"ரேடியோவுக்கும் கேமரா ஃப்ளாஷுக்கும் செல் மாத்தணும். யூஎஸ்பியில சார்ஜ் ஏத்துற லித்தியம் பென்சில் செல் நீ ரொம்ப நாளா வச்சிருக்கியே, வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். "நீதானே அதைப் புகழ்ந்து தள்ளினே?" என்றார். தள்ளினேன். இப்போதும் புகழ்வேன். அப்புறம் ஏன் வேண்டாம் என்பதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் சத்தம் கூடிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏஏ அளவில், அதாவது 14 மில்லிமீட்டர் தடிமனும் 50 மில்லிமீட்டர் உயரமுமாக, லித்தியம் என்ற பெயரில் மூன்று வேறு சாமான்கள் விற்கின்றன. ஒன்று, தீர்ந்தால் தூக்கிப்போடும் வகை. 1.5 வோல்ட், எடை 15 கிராம்தான், கடுங்குளிரிலும் வேலை செய்யும், வருடக்கணக்கில் டிராயரில் கிடந்தாலும் கெடாது. இன்னொன்று 14500 என்ற எண்ணோடு வரும் 3.7 வோல்ட் செல். சில டார்ச்களுக்கென்றே இருப்பது. உருவம் ஒன்றுதானே என்று இதை நான்கு செல் போடும் கருவியில் போட்டால், 6 வோல்ட் எதிர்பார்க்கும் சர்க்யூட்டுக்குள் முழு சார்ஜில் 16.8 வோல்ட் பாயும். அன்றோடு அதன் கதை முடிந்தது. மூன்றாவதுதான் நண்பர் கேட்டது. உள்ளே ஒரு சின்ன லித்தியம் அயான் செல், அதன் தலைமாட்டில் அந்த 3.7 வோல்ட்டை 1.5 ஆகக் குறைத்துக் கொடுக்கும் ஒரு பொடி சர்க்யூட், பக்கத்தில் யூஎஸ்பி துளை. பென்சில் செல் வேஷம் போட்ட பவர் பேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லது நிறையவே இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. அல்கலைன் செல் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே தொடங்கி, ஓட ஓட 1 வோல்ட் வரை சரிந்துகொண்டே போகும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல் தன் ஆயுளில் பெரும்பகுதி 1.2-ஐ ஒட்டியே நிற்கும். இந்த லித்தியம் மட்டும் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் அதே 1.5.

அம்மாவின் ரத்த அழுத்தக் கருவியில்தான் இதன் அருமையைப் பார்த்தேன். அதற்கு நான்கு செல். அல்கலைன் கொஞ்சம் தளர்ந்ததுமே பம்ப் ஓடும் சத்தம் மாறும். கையில் சுற்றிய பட்டை பாதி இறுகுவதற்குள் மோட்டார் முனகும், திரையில் பேட்டரி படம் மினுக்கும், புஸ்ஸென்று காற்றை இறக்கிவிட்டு எர்ரர் காட்டும். அம்மா பதறுவார். அந்தப் பதற்றத்தோடு அடுத்த தடவை பார்த்தால் அழுத்தம் ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்து இன்னும் பதறுவார். நிக்கல் போட்டுப் பார்த்தோம். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போதே "செல்லை மாற்று" என்று அடம் பிடித்தது, ஏனென்றால் அந்தக் கருவிக்கு 1.2 என்றாலே தீர்ந்துபோன அல்கலைன் என்று அர்த்தம். லித்தியம் போட்டதிலிருந்து பம்ப் ஒரே சுருதியில் ஓடுகிறது. இந்த ஒரு காரியத்துக்காக அதன் காலில் விழலாம்.

அப்புறம், கசியாது. அல்கலைன் செல்லை மறந்து உள்ளேயே விட்ட ஏதாவது ஒரு பழைய ரிமோட்டைத் திறந்து பாருங்கள், ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும். உள்ளே இருந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து காற்றோடு சேர்ந்து உறைந்ததுதான் அது. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போகும். ஸ்பிரிங்கின் முலாமும் அதோடு போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. லித்தியத்தில் அந்தப் பயம் இல்லை. எடையும் குறைவு. நிக்கல் செல் ஒன்று 27 கிராம் இருக்கும், இது 20-ஐ ஒட்டித்தான் வரும். நெற்றியில் கட்டும் ஹெட்லேம்ப்பில் அந்த வித்தியாசத்தைக் கழுத்து சொல்லும்.

உறையில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் செல்களில் எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி) போடாமல் மில்லிவாட்-மணி போடுவார்கள், எண் பெரிதாகத் தெரியுமே. 3600 என்று இருந்தால் 1.5-ஆல் வகுங்கள், 2400 எம்ஏஹெச். அந்தப் பக்கம் நல்ல நிக்கல் செல்லின் 2000 எம்ஏஹெச்சை 1.2-ஆல் பெருக்கினால் 2400 மில்லிவாட்-மணி. ஆக லித்தியத்தில் ஒன்றரை மடங்கு ஆற்றல். அது உண்மையிலேயே அதிகம்தான், 2000 எங்கே 3600 எங்கே என்று வாயைப் பிளக்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவே. இந்த உருவத்துக்குள் 4000-ஐ ஒட்டித்தான் அடைக்க முடியும். 8000 என்று போட்டிருந்தால் அது அச்சுக்கூடத்தின் சாதனை.

சரி, இனி கோபத்துக்கு வருகிறேன்.

இரவில் மீடியம் வேவில் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பது என் பொழுதுபோக்கு. இருட்டியதும் அந்த அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும். வருவது மெலிந்துதான் வரும். குரல் ஒரு நொடி தெளியும், அடுத்த நொடி அமுங்கும், நிலையத்தின் பெயரைச் சொல்லும் நேரமாகப் பார்த்து மூழ்கிப்போகும். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்தான் சுகமே. லித்தியம் செல் போட்ட அன்றே அந்த இடத்தில் ஒரு 'ர்ர்ர்ர்' வந்து உட்கார்ந்துகொண்டது. டயலை நகர்த்தினால் சில இடங்களில் குறைகிறது, கொஞ்சம் தள்ளிப்போனால் விசிலாக மாறுகிறது. திரையின் விளக்கு எரியும்போது ஒரு சுருதி, அணைந்ததும் வேறொரு சுருதி. உள்ளூர் நிலையம் மட்டும் அதையும் மீறிக் கேட்கிறது. உள்ளூர் நிலையத்தைக் கேட்க எனக்கு இந்த ரேடியோ தேவையில்லை.

காரணம் எளிது. வோல்ட்டைக் குறைக்கும் அந்தப் பொடி சர்க்யூட் என்பது மின்சாரத்தை ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடும் ஒரு சுவிட்ச். அந்த வேகம் சாதாரணமாகச் சில நூறு கிலோஹெர்ட்ஸில் தொடங்கி ஓரிரு மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். மீடியம் வேவ் இருப்பது சுமார் 530-லிருந்து 1700 கிலோஹெர்ட்ஸ் வரை. நேராக அதன் மடியிலேயே போய் விழுகிறது. அதன் மடங்குகள் ஷார்ட்வேவிலும் போய்ச் சேரும். அப்படிப்பட்ட சர்க்யூட்டுகள் நான்கை, ஏரியலுக்கு அரையடி தூரத்தில், ரேடியோவின் வயிற்றுக்குள்ளேயே வைத்து மூடுகிறோம்.

ரேடியோவில்தான் கோளாறோ என்று சந்தேகப்படுகிறவர்கள் சோதித்துப் பார்க்கலாம். ரேடியோவில் நிக்கல் செல் போட்டு, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் டயலை வையுங்கள். லித்தியம் போட்ட ஹெட்லேம்ப்பை எரியவிட்டு மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோங்கள், இரைச்சல் ஏறும். ரேடியோவை அங்கேயே வைத்துச் சுற்றுங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பி ஏதோ ஒரு கோணத்துக்கு வரும்போது சத்தம் பொத்தென்று விழும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி எழும். அது ஹெட்லேம்ப்பின் சொந்தச் சத்தமோ என்று அதிலும் நிக்கல் போட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. எஃப்எம் மட்டும் கேட்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியவே தெரியாது. நான் வாங்கிய செல்லின் உறையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. விற்றவரிடம் கேட்டேன். வேறு ரேடியோ வாங்கிப் பாருங்கள் என்றார்.

இரண்டாவது குறை இருக்கிறதே, எதைப் புகழ்ந்தேனோ அதுவே இங்கே உதைக்கிறது. கடைசி நிமிடம் வரை 1.5 என்றால், கடைசி நிமிடம் வந்துவிட்டது என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? வோல்ட்டைப் பார்த்துத்தான் பெரும்பாலானவை மிச்சத்தைக் கணிக்கின்றன. பேட்டரி படம் முழுசாகவே நிற்கும், முழுசாகவே நிற்கும், அப்புறம் ஒரேயடியாக இருட்டு. எனக்கு ஹெட்லேம்ப்பில் நடந்தது, கற்கள் நிறைந்த ஒரு சரிவில் இறங்கும்போது. அல்கலைனாக இருந்தால் மங்கி மங்கியாவது சேதி சொல்லியிருக்கும்.

ரிமோட் கன்ட்ரோல் விமானம் விடுகிறவர்கள் டிரான்ஸ்மிட்டரில் இதைப் போடவே வேண்டாம். வோல்ட் இறங்கினால் கத்தும் அலாரம்தான் அங்கே காவல். இந்தச் செல்லில் அது கத்துவதற்கு முன்பே டிரான்ஸ்மிட்டர் செத்திருக்கும். சிக்னல் அறுந்தால் விமானம் தானாகச் செய்யும் ஏற்பாடான ஃபெயில்சேஃப் இருக்கிறதே என்பார்கள். சாதாரண விமானங்களில் அது மோட்டாரை அணைப்பதோடு சரி, விமானத்தைப் பத்திரமாக இறக்கிக் கையில் தராது. டிஜிட்டல் கதவுப் பூட்டுக் கையேடுகள் பலவற்றில் அல்கலைன் மட்டும் போடு என்று அழுத்தி எழுதியிருப்பதற்கும் இந்தக் கடைசி நிமிடக் கணக்கு ஒரு காரணம். சில தயாரிப்பாளர்கள் இதைப் புரிந்துகொண்டு, கடைசிப் பத்து சதவீதத்தில் வோல்ட்டை 1.1-க்கு இறக்கிவிடுகிறார்கள். கருவி விழித்துக்கொள்ளும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் அந்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஃப்ளாஷ் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கெபாசிட்டரை நிரப்ப அது சில ஆம்பியரை ஒரே மூச்சில் உறிஞ்சும். லித்தியத்தின் சர்க்யூட் பொதுவாக 2 ஆம்பியர் பக்கம் வந்ததும் கையை விரித்துவிடும். நிக்கலுக்கு உள்தடை குறைவு, கேட்டதைக் கொடுக்கும். ஃப்ளாஷுக்கு நிக்கல்தான், பேச்சே இல்லை. சுவர்க் கடிகாரம், ரிமோட் மாதிரி சொட்டுச் சொட்டாகக் குடிப்பவற்றுக்கும் லித்தியம் வீண். கடிகாரம் குடிக்கும் சொற்பத்தோடு உள்ளே சும்மா விழித்துக்கொண்டிருக்கும் சர்க்யூட்டும் தன் பங்குக்குக் குடிக்கும்.

நிக்கலின் பழைய கெட்ட பெயர்தான் இன்னும் போகவில்லை. "சார்ஜ் போட்டு வச்சா ஒரு மாசத்துல தானா இறங்கிடும்" என்பார்கள். 2005 வரை அது பெரும்பாலும் உண்மை. அந்த வருடம் சான்யோ கொண்டுவந்த எனலூப் என்ற நிக்கல் செல், ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜைக் கையில் வைத்திருந்தது. இப்போது அது பானசோனிக்கின் பெயரில் வருகிறது, மற்றவர்களும் அதே வழிக்கு வந்துவிட்டார்கள். வாங்கும்போதே சார்ஜோடு வருகிறதா என்று பாருங்கள், அதுதான் அந்த வகைக்கு அடையாளம். பெரிய எண்ணுக்கு இங்கேயும் மயங்க வேண்டாம். எனலூப்பிலேயே சாதா 2000 வகை 2100 தடவை சார்ஜ் தாங்கும், 2500 வகை 500 தடவைதான் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொன்ன கணக்கு உண்டு. ஃப்ளாஷை நாள் முழுக்க அடிக்கும் கல்யாண போட்டோகிராஃபருக்கு 2500 சரி. மற்றவர்களுக்கு 2000 போதும்.

நிக்கலுக்குச் செய்ய வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. நான்கையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே போட்டு, ஒன்றாகவே எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் முன்னால் காலியானால் மற்ற மூன்றும் சேர்ந்து அதற்குள் மின்சாரத்தைத் தலைகீழாகத் தள்ளும், அந்தச் செல் அதோடு நொண்டியாகிவிடும். நான் செட்டுக்கு ஒரு எழுத்தை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிப்பதாக இருக்க வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்து, நேரத்தை மட்டும் பார்த்து ஏற்றும் மலிவு சார்ஜர்தான் நிக்கலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததில் பாதி. லித்தியம் செல்லை மட்டும் இந்தச் சார்ஜரில் வைத்துவிடாதீர்கள், அதற்கு அதன் சொந்த யூஎஸ்பி வயர்தான்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் லித்தியத்துக்கு ஐந்தில் மூன்றரையாவது கொடுக்க வேண்டும். நிலையான வோல்ட், கசிவில்லை, எடை குறைவு, ஆற்றல் அதிகம். எல்லாம் உண்மை. நான் ஒன்று கொடுக்கிறேன், அதுவும் அந்தப் பம்ப்புக்காக. தூரத்து நிலையத்துக்கும் அடுத்த தெருவுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே 'ர்ர்ர்ர்' ஆக்கிவிட்ட செல்லுக்கு அதற்கு மேல் மனசு வரவில்லை. நண்பருக்குச் சொன்னது இதுதான்: நிக்கல் எட்டு, உருப்படியான சார்ஜர் ஒன்று. "அப்ப உன்கிட்ட இருக்கிற லித்தியத்தை எனக்குக் கொடுத்துடேன்" என்றார். கொடுக்க முடியாது, அம்மாவின் கருவியில் இருக்கிறது. அது தேய்ந்தால் அதே வகையில் இன்னொரு செட் வாங்குவேன்.