காப்பு என்று நினைத்தார்கள்: மருத்துவ வளையலோடு ஏழு வருஷம்

"எந்தக் கோயில் காப்பும்மா இது? என்ன மந்திரம் பொறிச்சிருக்கு?" 2019 தைப்பூசத்தன்று மலேசியாவில், பினாங்கு தண்ணீர்மலைப் படியில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். என் இடது கை வெள்ளிக் காப்பில் பொறித்திருந்தது மந்திரமில்லை, வார்ஃபரின் என்ற மருந்தின் பெயர். "முருகன் காப்புதாங்கய்யா" என்று சிரித்துவிட்டு ஏறிவிட்டேன். அவர் மேல் தப்பில்லை, பார்க்க அது அப்படித்தான் இருந்தது. அதில் உள்ள கோளாறு எனக்கு உறைக்க அந்த வருஷக் கடைசி வரை ஆனது.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. 2017-இல் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரியில் விசிறியை அணைத்தால் என் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று எனக்கே கேட்கும். உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்பதால் ஆயுசு முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு சாதாரண ஆளுக்கு 1 அளவில் இருக்கும், எனக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் வால்வில் கட்டி. இதோடு பெனிசிலினும் எனக்கு ஆகாது.

நோயையும் மருந்தையும் பொறித்த மருத்துவ வளையல் போட்டால் நல்லது என்று முதலில் சொன்னவர் வார்டில் இருந்த ஒரு தாதி. அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "வீட்டுல கல்யாண வயசுல பொண்ணு இருக்கு. நீ நோயை ஊரறியக் கையில மாட்டிக்கிட்டுத் திரியப் போறியா?" எனக்கும் உள்ளுக்குள் அதே கூச்சம்தான், அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். அப்புறம் 2018-இல் லிட்டில் இந்தியாவில் ஓர் ஆசாரியிடம் போய், நகை மாதிரியே தெரிகிற வெள்ளிக் காப்பு ஒன்றில் அடக்கமாக எழுதித் தரச் சொன்னேன். நோயைச் சொல்லவும் வேண்டும், யாருக்கும் தெரியவும் கூடாது என்றால் எப்படி?

2019 டிசம்பரில் மீன் வாங்கப் போன இடத்தில் ஈரத் தரையில் வழுக்கி, காதுக்குப் பின்னால் அடிபட்டது. மயக்கமில்லை, ஆனால் வாய் குழறியது. பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். வலிக்கு இடுப்பில் ஊசி போட, சிரிஞ்சில் மருந்தை ஏற்றிவிட்டார்கள். என்னைப்போல் வார்ஃபரின் சாப்பிடுகிறவளுக்கு அப்படி ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். அந்த வகை வலி மருந்தே கசிவைக் கூட்டும். தலையில் அடி என்றால் முதல் வேலை சி.டி. ஸ்கேன். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல நாக்கு வரவில்லை. நல்ல வேளை, மகள் "வார்ஃபரின், வார்ஃபரின்" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தாள். எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தவர் அந்தக் காப்பை மேலே தள்ளிவிட்டுத்தான் பட்டை கட்டியிருக்கிறார். படிக்கத் தோன்றவில்லை. வெள்ளி வளையலை யார் படிப்பார்கள்?

ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த மாதமே, பாம்பு சுற்றிய கோல் என்ற மருத்துவச் சின்னம் சிவப்பில் பதித்த ஸ்டீல் வளையலை ஆன்லைனில் வரவழைத்தேன். விலை 90 வெள்ளி (ரிங்கிட்). இந்தப் பழக்கத்தின் கதையே இதுபோன்ற ஒன்றுதான்: 1953-இல் கலிபோர்னியாவில் ஒரு டாக்டரின் மகளுக்கு டெட்டனஸ் மருந்து ஒத்துக்கொள்ளாமல் உயிர் போகப் பார்த்தது. அந்தக் குடும்பம் 1956-இல் தொடங்கியதுதான் மருத்துவ வளையல் தரும் மெடிக்அலர்ட் அமைப்பு.

ஸ்டீல் வளையலின் லட்சணம் சொல்கிறேன். முதலாவது வாங்கியதில் எழுத்து லேசரால் மேலோட்டமாகக் கறுப்படித்தது. பாத்திரம் கழுவிக் கழுவிப் பதினாலு மாதத்தில் மங்கிவிட்டது. ஆழமாக வெட்டிய எழுத்துத்தான் நிற்கிறது. விரல் நகம் அதில் தட்ட வேண்டும், அதுதான் சோதனை. கொக்கி துப்பட்டா நூலை இழுக்கும், ஒற்றைக் கையால் மாட்டவும் வராது. தட்டின் ஓரம் கூராக இருந்ததால் தூங்கி எழுந்தால் மணிக்கட்டில் நீலமாகக் கன்றிப் போயிருக்கும். வார்ஃபரின்காரர்களுக்கு அது போதும். இப்போது போடுவது ஓரம் மழுக்கியது, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வானது.

எதை எழுதுவது என்பதில்தான் நான் அதிகம் தப்பு செய்தேன். முதல் தட்டில் ஐ.என்.ஆர். அளவையும் மாத்திரை மில்லிகிராமையும் எழுதியிருந்தேன். மில்லிகிராம் மாதா மாதம் மாறும், வளையல் மாறுமா? வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணையும் போட்டேன். அவர் பிரீபெய்டை டாப்-அப் செய்யாமல் விட, அந்த நம்பரே போய்விட்டது. இப்போது நாலே வரி: பெயர், உலோக மைட்ரல் வால்வு, வார்ஃபரின், பெனிசிலின் அலர்ஜி. பின்பக்கம் மகளின் எண், முன்னால் நாட்டு எண் 60 சேர்த்து. ஐசி (அடையாள அட்டை) எண் போடவில்லை. அதை ஊர் பார்க்க வைத்துக்கொண்டு திரிய மனம் ஒப்பவில்லை. எழுத்து ஆங்கிலம்தான். நம் ஊரில் ஆம்புலன்ஸ்காரர் மலாயில் பேசினாலும் வார்ஃபரின் வார்ஃபரின்தான்.

கைப்பேசியிலும் போட்டிருக்கிறேன். பூட்டிய திரையிலேயே அவசரத் தகவலைத் திறந்து பார்க்கலாம். பர்ஸில் மருத்துவமனை கொடுத்த அலர்ஜி அட்டையும் உண்டு. ஆனால் அன்றைக்கு மீன் கடையில் என் கைப்பேசி எங்கே, பர்ஸ் எங்கே? இரண்டும் கூடையோடு போய்விட்டன.

ஐந்து வருஷத்தில் ஸ்டீல் வளையல் உண்மையில் உதவியது ஒரே ஒரு தடவை. 2024-இல் கொளுத்தும் வெயிலில் பஸ் நிறுத்தத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். அவசர எண் 999-க்கு யாரோ அழைத்தார்கள். ஆம்புலன்ஸில் வந்த பையன் நாடி பிடிக்கக் கையைத் திருப்பியவன், சிவப்புச் சின்னத்தைப் பார்த்து நின்று, "ஆன்ட்டி, வார்ஃபரின் மக்கான் கா (சாப்பிடுறீங்களா)? தலை எங்கேயாவது இடிச்சதா?" என்று மலாயும் தமிழுமாகக் கேட்டான். எனக்குப் பேச வந்தது, ஆனால் பேச வேண்டியிருக்கவில்லை.

போடலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் திருப்பிக் கேட்பேன்: நீங்கள் பேச முடியாமல் கிடந்தால், தெரியாமல் செய்கிற சாதாரண சிகிச்சை உங்களைக் கெடுக்குமா? வார்ஃபரின், இன்சுலின், வலிப்பு, கடுமையான அலர்ஜி, ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாத அட்ரினல் கோளாறு இருப்பவர்கள் போடுங்கள். வெறும் ரத்த அழுத்த மாத்திரை, கொலஸ்டிரால் மாத்திரைக்கு எல்லாம் தேவையில்லை, பர்ஸில் ஒரு சீட்டு போதும். எல்லாரும் எல்லாவற்றுக்கும் மாட்டினால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள்.

அம்மா இப்போது இன்சுலின் போடுகிறார். வளையல் பேச்சை எடுத்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன மாதம் சில்லறை தேடி அவர் சுருக்குப் பையைத் திறந்தேன். வெற்றிலைக்கு அடியில், நாலாக மடித்த தாளில் என் மகளின் கையெழுத்தில் இரண்டு வரி: இன்சுலின் போடுகிறார், மயங்கினால் முதலில் சர்க்கரை பாருங்கள்.