பேரில்லாத ஹெடர்: கேட்டலாக் சரக்கா, கைவேலையா, பின்னாளில் வந்ததா?

1968 ஷெவர்லே கமாரோ கார் ஒன்றின் பானெட்டைத் திறக்கிறீர்கள். எஞ்சின் புகையை வெளியேற்றக் கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் காணோம். அந்த இடத்தில் பக்கத்துக்கு நாலு குழாய், துரு ஏறி, வளைந்து நெளிந்து கீழே இறங்குகின்றன. இதுதான் ஹெடர். விற்பவர் "அந்தக் காலத்து ஹூக்கர்" என்கிறார்; ஹூக்கர் என்பது ஹெடர் செய்யும் கம்பெனியின் பெயர். குழாயில் ஒரு எழுத்துகூட இல்லை. அது 60, 70களில் கேட்டலாக் பார்த்து வாங்கியதாக இருக்கலாம். ஏதோ ஒரு பட்டறையில் அந்த வண்டிக்கென்றே கட்டியதாக இருக்கலாம். பின்னாளில் வாங்கி மாட்டி, அப்புறம் துருப்பிடித்ததாகவும் இருக்கலாம். பேரைத் தேடுவதை விட்டுவிட்டு இரும்பைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்றையும் பிரித்துவிடலாம்.

என் கண் முதலில் போவது ஃபிளாஞ்சுக்கு. எஞ்சின் ஹெட்டோடு போல்ட் போட்டு இறுக்கும் அந்தத் தடித்த தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிரஸ்ஸில் வைத்துப் பஞ்ச் அடித்த தகடு என்றால் ஒரு முகத்தின் விளிம்பு லேசாக மழுங்கி உருண்டிருக்கும், மறுமுகம் கூராக இருக்கும். தடிமனுக்குள் பார்த்தால் பாதி வழவழப்பு, மீதி கிழிந்தாற்போலச் சொரசொரப்பு. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் அடித்த கேட்டலாக் சரக்கின் கைரேகை இது. கைவேலையில் காஸ் கட்டிங்கின் அலை அலையான தழும்பு தெரியும். அதன் மேல் அரம் போட்ட கோடுகளும் இருக்கும், போல்ட் துளைகளில் ஒன்றிரண்டு சற்றே விலகியும் நிற்கும். மூன்றாவதாக, தடிமன் முழுக்க மெல்லிய, ஒரே சீரான நேர்க்கோடுகள் ஓடி, இரண்டு விளிம்பும் ஒன்றுபோலக் கூராக இருந்தால் அது லேசர் வெட்டு. 60களின் ஹெடர் பட்டறைகளில் அந்த இயந்திரம் கிடையாது. எவ்வளவு துரு இருந்தாலும் சரி, விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி, அந்த ஃபிளாஞ்ச் அந்தக் காலத்தது அல்ல.

அடுத்தது குழாயின் நடுவில் உள்ள வெல்டிங். கேட்டலாக் ஹெடரில் ஒவ்வொரு குழாயையும் பெரும்பாலும் ஒரே துண்டாக இயந்திரத்தில் வளைத்திருப்பார்கள். ஃபிளாஞ்சிலும், குழாய்கள் கீழே ஒன்றுசேரும் கலெக்டரிலும்தான் வெல்டிங் இருக்கும், நடுவில் இருந்தால் அபூர்வம். கைவேலைக்காரரோ 'யூ', 'ஜே' வளைவுகளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஸ்டியரிங் பாக்ஸைச் சுற்றி, ஸ்பார்க் பிளக்குக்கு வழிவிட்டு, ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போவார். ஒரு குழாயில் நாலைந்து இணைப்பு இருந்தாலும் ஆச்சரியமில்லை. கிரைண்டர் போட்டு மறைத்திருந்தால் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள், முண்டு தட்டும். நல்ல கையால் கட்டிய ஹெடர் என் கணக்கில் மூன்றிலும் உயர்ந்தது. ஒருவர் ஒரே ஒரு வண்டிக்காக எடுத்த முடிவுகள் அத்தனையும் அதில் அப்படியே நிற்கின்றன. பெயர் இல்லை என்பதற்காக அதைக் கழற்றி எறிபவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

சரி, பெயர் இருந்தால்? ஹூக்கர், ஹெட்மன், டக்ஸ் மூன்றுமே கலிஃபோர்னியா வரவுகள். ஹெட்மன் 1954-இல் தொடங்கியது. 'ஹெடர்' என்பதையே தன் பெயரோடு இசையும்படி வேறு எழுத்துக்கூட்டலில் எழுதும் வழக்கம் அதற்கு உண்டு. அந்த எழுத்துக்கூட்டல் எங்கேனும் தென்பட்டால் சந்தேகமே வேண்டாம். டக்ஸ் ஹெடர்ஸை நடத்திய டக் தார்லி, தன் கடைப் பெயரையே காரின் மேல் எழுதிக்கொண்டு, நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் ரேஸ் ஓட்டியவர். ஹூக்கருக்கோ தனிப் பெருமை: 1968-இல் டாட்ஜ் டார்ட் காரில் 426 ஹெமி எஞ்சினைத் திணித்து டிராக் ரேஸுக்கென்றே விற்றபோது, அதில் வந்தது ஹூக்கர் ஹெடர். ஆனால் மூன்று பெயர்களும் இன்றும் கடையில் கிடைக்கின்றன. பெயர் யார் செய்தது என்று சொல்லும், எப்போது செய்தது என்று சொல்லாது. காலத்துக்கு மறுபடியும் ஃபிளாஞ்சிடம்தான் போக வேண்டும்.

கூடவே சில சின்னச் சாட்சிகள். கலெக்டரில் ஆக்ஸிஜன் சென்சார் திருகும் மரை இருந்தால் ஹெடரே பிற்காலத்தது, இல்லையென்றால் யாரோ பின்னால் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்த மரையைச் சுற்றியுள்ள வெல்டிங் மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஃபிளாஞ்சுக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட மூலையில் வெள்ளைப் பெயின்ட்டின் பொருக்கு ஒட்டியிருந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். 60களின் கடைசியிலும் 70களிலும் டிராக் கார்க்காரர்கள் ஹெடருக்குச் சூடு தாங்கும் வெள்ளைப் பெயின்ட் அடிப்பது வழக்கம். அதனால் துருவை நீக்க மணல் வீச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துவிடுங்கள்.

குழாய்கள் சேரும் விதமும் பேசும். நாலும் ஒரே இடத்தில் ஒன்றாகச் சேர்ந்தால் மேல்வேகச் சக்திக்கானது. நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றானால் அது டிரை-ஒய், நடுவேக இழுவைக்கானது. 1965 ஷெல்பி ஜிடி350 டிரை-ஒய்யோடுதான் விற்பனைக்கு வந்தது. அதில் ஹெடரைப் பார்த்துவிட்டு "யாரோ மாற்றிவிட்டார்கள்" என்று மேனிஃபோல்டு தேடி அலைந்தால் வண்டியைக் கெடுத்த கதைதான். 1967 கமாரோ இசட்/28-லும் கவனம் தேவை. ஹெடர் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களுக்கு அதை டிக்கியில் வைத்தே கொடுத்தார்கள், மாட்டிக்கொள்வது அவரவர் பாடு.

போன்டியாக்காரர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். சாதாரண போன்டியாக் ஹெட்டின் எக்ஸாஸ்ட் துளை ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம். ராம் ஏர் 4 போன்ற அபூர்வ எஞ்சின்களுக்கு வட்டத் துளை. போன்டியாக்கின் ஜிடிஓ காரோடு தனியாகக் கிடக்கும் பழைய ஹெடரின் ஃபிளாஞ்சில் வட்டத் துளை இருந்தால், அந்த வண்டியில் ஒரு காலத்தில் என்ன எஞ்சின் உட்கார்ந்திருந்தது என்று விசாரிக்கத் தொடங்குங்கள். வண்டியில் இப்போது இருப்பது 'டி' துளை ஹெட் என்றால், விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஹெடரைப் பற்றியதே அல்ல.