பயோஸில் தெரியும் டிஸ்க் மீட்பு பென் டிரைவில் தெரியவில்லை: எந்த வழியில் போவது?

கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் கணக்கெழுதும் தம்பி ஒருவர், வெள்ளிக்கிழமை மாலை மடிக்கணினியோடு வெள்ளவத்தையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கியிருந்தார். பழைய 512 ஜி.பி. டிஸ்க்கை முழுமையாக இமேஜ் எடுத்து, அதாவது அப்படியே ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து, புதியதில் இறக்க வேண்டும். டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் இல்லாமலே கணினியைத் தொடங்க உதவும் மீட்பு பென் டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கினோம். மென்பொருள் திறந்தது; பட்டியலில் பென் டிரைவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"அண்ணா, டிஸ்க் போய்விட்டதா? ஐந்து வருடக் கணக்கு அதில்தான் இருக்கிறது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பத்து நிமிடங்களுக்கு முன்புதான் அதே டிஸ்க்கில் விண்டோஸ் ஓடியது. டிஸ்க் சுகமாகத்தான் இருந்தது. பென் டிரைவில் இருந்த குட்டி விண்டோஸிடம் அதைப் படிக்க உதவும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் இல்லை, அவ்வளவுதான்.

2020இல் வந்த 11ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகளிலிருந்து இந்தச் சிக்கல் பெருகிவிட்டது. செயலிக்குள்ளேயே இருக்கும் வி.எம்.டி. என்ற கட்டுப்பாட்டு அமைப்பு, என்.வி.எம்.இ. என்ற வேகமான எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறது. கணினியோடு வரும் விண்டோஸில் அதற்கான டிரைவர் ஏற்கெனவே பதிந்திருக்கும். பென் டிரைவில் இருக்கும் அந்தக் குட்டி விண்டோஸில், அதாவது மீட்புக்கான வெறும் விண்டோஸ் பீ.ஈ.யில், அது இராது.

எதைத் தொடுவதற்கும் முன்னால் பயோஸை (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் கணினியின் அமைப்புத் திரையை) திறந்து பாருங்கள். அங்கே டிஸ்க்கின் பெயர் இருந்தால் கீழே சொல்லும் மூன்று வழிகளும் உங்களுக்கு உண்டு. அங்கேயும் இல்லையென்றால் எந்த மென்பொருளும் உதவாது. மின்சாரத்தைத் துண்டித்து, டிஸ்க்கைக் கழற்றி, இணைப்புப் பற்களைப் பாருங்கள். மரைன் டிரைவ் பக்க வீடுகளில் கடற்காற்று அந்தப் பொன்னிறப் பற்களை மங்கச் செய்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மென்மையான அழிறப்பரால் ஓரிரு தடவை இலேசாகத் தேய்த்துத் துடைத்து, திரும்பப் பொருத்தினாலே சில டிஸ்க்குகள் உயிர்பெற்றுவிடும். பழைய சுழலும் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். அடுத்து ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுப்பதும் தரவைப் பணயம் வைப்பதுதான்.

இனி மூன்று வழிகள்.

முதலாவது, பென் டிரைவுக்கு டிரைவரைக் கொடுப்பது. என் முதல் தேர்வு எப்போதும் இதுதான், ஏனென்றால் கணினியின் ஒரு அமைப்பைக்கூட இது மாற்றுவதில்லை. மடிக்கணினித் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் மொடலுக்குரிய இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்குங்கள். பெரும்பாலானோர் தவறுவது அடுத்த படியில்: இறக்கிய கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டுவிடுகிறார்கள். அது நிறுவும் கோப்பு. அதை விரித்து, உள்ளே இருக்கும் ஐ.என்.எஃப். கோப்பு உள்ள முழு ஃபோல்டரையும் வைக்க வேண்டும். அன்று நாங்கள் செய்ததும் அதுவே. டிரைவர் ஏற்றும் பட்டனை அழுத்தி, ஃபோல்டரைக் காட்டினோம். சில நொடிகள் திரை அசையவில்லை. பிறகு பட்டியலில் ஒரு வரி கூடியது: 476 ஜி.பி. "36 ஜி.பி. எங்கே?" என்று தம்பி பதறினார். 512 என்பது ஆயிரத்தின் மடங்கில் எண்ணியது. விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுவதால் 476 என்று காட்டுகிறது. ஒரு பைட்டும் தொலையவில்லை.

மக்ரியம் ரிஃப்ளெக்ட், வீம் ஏஜென்ட் போன்ற இமேஜ் எடுக்கும் மென்பொருள்கள் மீட்பு பென் டிரைவைத் தயாரிக்கும்போது அந்தக் கணினியின் டிரைவர்களைத் தாங்களே சேர்த்துக்கொள்ளும். ஆகவே எந்தக் கணினியை மீட்கப் போகிறீர்களோ அதிலேயே பென் டிரைவைத் தயாரியுங்கள். நண்பரின் கணினியில் தயாரித்தது உங்கள் டிஸ்க்கைப் பார்க்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. மக்ரியத்தின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரி 1உடன் முடிந்துவிட்டது. வீமின் இலவசப் பதிப்பு தொடர்கிறது.

இரண்டாவது, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் பக்கம் தாவுவது. லினக்ஸ் பென் டிரைவிலிருந்து இமேஜ் எடுக்கும் க்ளோன்சில்லாவும் ரெஸ்கியூசில்லாவும் இலவசம். வி.எம்.டி.க்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள்ளேயே இருப்பதால், புதிய வெளியீட்டை எடுத்தால் டிஸ்க் பெரும்பாலும் எந்த உதவியும் இல்லாமல் தெரிந்துவிடும். க்ளோன்சில்லா எழுத்துத் திரைகளால் ஆனது; மூலம் எது, இலக்கு எது என்று மாறித் தேர்ந்தால் வாழ்நாள் வேலை அழிந்துவிடும். பழக்கமில்லாதவருக்கு நான் ரெஸ்கியூசில்லாவையே கொடுப்பேன். அது ஜன்னலும் பட்டனுமாக இருக்கிறது, க்ளோன்சில்லா எடுத்த இமேஜையும் திறக்கிறது.

இந்த வழியின் விலை வேறோர் இடத்தில் தெரியும். விண்டோஸ் 11இல் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தால் பல மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கப்பட்டுவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது; சொந்தக்காரருக்கே அது தெரிவதில்லை. பூட்டிய பகுதியில் எது தரவு, எது வெற்றிடம் என்று க்ளோன்சில்லாவால் பிரித்தறிய முடியாது. ஆகவே 100 ஜி.பி. மட்டுமே நிரம்பியிருந்தாலும் முழு 512ஐயும் பிரதி எடுக்கும். நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில் அது ஏறக்குறைய 85 நிமிடம்; குறியாக்கிய தரவு சுருங்கவும் மாட்டாது. விண்டோஸ் பீ.ஈ. வழியில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடுத்துப் பூட்டைத் திறந்தால், பயன்பட்ட பகுதி மட்டும் போகும். ஆனால் திறந்து எடுத்த இமேஜுக்குப் பூட்டு இல்லை. வாடிக்கையாளர் கணக்கு இருக்கும் டிஸ்க் என்றால் இமேஜுக்குக் கடவுச்சொல் போடுங்கள், புதிய டிஸ்க்கில் பிட்லொக்கரை (விண்டோஸின் குறியாக்கப் பூட்டை) மறுபடி இயக்குங்கள்.

இன்னொன்று: லினக்ஸ் பென் டிரைவ் தொடங்க மறுக்கிறது என்று பயோஸில் உள்ள செக்யூர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்துவிடாதீர்கள். அடுத்த முறை விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்கக்கூடும்.

மூன்றாவது வழி, பயோஸில் வி.எம்.டி.யை அணைப்பது, அல்லது பழைய கணினியில் டிஸ்க் இணைப்பு முறையை ரெய்டிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றுவது. யூடியூபில் எல்லோரும் முதலில் சொல்வது இது. எனக்கு இது கடைசி. டிஸ்க் உடனே எல்லா மென்பொருளுக்கும் தெரியும் என்பது உண்மை. ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது நீலத்திரையில் விழலாம், பிட்லொக்கர் சாவி கேட்கலாம். 11ஆம் தலைமுறைக்கு முந்திய கணினி, ரெய்டுப் பின்னணியில் மறைந்த என்.வி.எம்.இ., லினக்ஸும் பார்க்கவில்லை என்றால் வேறு வழி குறைவு. அப்போதும் ஒழுங்கோடு செய்யுங்கள்: மீட்புச் சாவியைக் கையில் எடுத்து, பிட்லொக்கரை இடைநிறுத்தி, சிஸ்டம் கொன்பிகரேஷனில் சேஃப் பூட் (Safe boot) என்பதைக் குறியிட்டு, அதன் பிறகு பயோஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை தொடங்கி, குறியை எடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை உண்மையிலேயே ரெய்டாக, அதாவது ஒன்றாக இணைத்து, கட்டிய கணினியில் இதை நினைக்கவே வேண்டாம்.

"ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே இமேஜ் எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லையே" என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. எடுப்பதற்கு அது மிகச் சுலபம், டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. திருப்பி இறக்கும் நாளில்தான் சங்கடம். அன்று விண்டோஸ் இருக்காது. பென் டிரைவ் மட்டுமே இருக்கும், அதற்கு டிஸ்க் தெரியாது. எந்த மென்பொருளானாலும், பென் டிரைவைத் தயாரித்த அன்றே அதில் ஒருமுறை தொடங்கி, டிஸ்க் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க் தயாரிப்பாளர்கள் தரும் இலவசக் கருவிகள் தனி ரகம். அவற்றில் பல, தங்கள் நிறுவன டிஸ்க் இணைந்திருந்தால்தான் வேலை செய்யும். அதையே யூ.எஸ்.பி. உறையில் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டியில்) போட்டால், டிஸ்க்கின் பெயருக்குப் பதில் உறையின் பெயர் போய்ச் சேர்ந்து, சொந்த டிஸ்க்கையே அடையாளம் காணாமல் போகலாம். உறை வாங்கும்போதும் கவனம்: என்.வி.எம்.இ.க்கு மட்டுமான உறையில் அதே வடிவில் வரும், ஆனால் பழைய சாட்டா இணைப்பு முறையில் இயங்கும் எம்.2 சாட்டா டிஸ்க் பொருந்தினாலும் தெரியாது.

அன்று டிரைவர் வழியில் இமேஜ் எடுத்து, புதிய டிஸ்க்கை உள்ளே பொருத்தி இறக்கினோம். விண்டோஸ் திறந்தது, கணக்குகள் எல்லாம் இருந்தன. பழைய டிஸ்க்கை உறையில் போட்டு இணைத்தபோது தம்பி மறுபடியும் திடுக்கிட்டார்: டிஸ்க் மேனேஜ்மென்டில் அது ஓஃப்லைன் என்று இருந்தது. இரண்டு டிஸ்க்குகளுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைக்கிறது. ஓன்லைன் ஆக்கினால் எண் மாறும், பிறகு அந்தப் பழைய டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் தொடங்காமல் போகலாம். அதனால் அதைத் தொடாமல் அப்படியே கழற்றினோம். மொடல் பெயரையும் திகதியையும் எழுதி ஒட்டிய மீட்பு பென் டிரைவோடும், அச்சிட்ட 48 இலக்கச் சாவியோடும் சேர்த்து, அதைக் கடையின் இரும்புப் பெட்டகத்தில் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.